கொழுப்பளக்கும் தராசும் தையல் நாடாவும்

ஏறி நின்றால் எடையோடு நில்லாமல், உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம், தசை எத்தனை கிலோ, தண்ணீர் எவ்வளவு, எலும்பு எவ்வளவு, "உடம்பின் வயது" என்ன என்றெல்லாம் சொல்லும் கண்ணாடித் தராசுகள் இப்போது நுவரெலியா, ஹட்டன் கடைகளில் கிடைக்கின்றன. கைத்தொலைபேசியில் ஓடர் போட்டால் தோட்டத்துக்கே வந்துவிடுகின்றன. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது அம்மா அப்பாவுக்கென்று வாங்கி வருவதும் உண்டு. அதை வாங்கலாமா, வாங்கினால் பயன் உண்டா என்பதுதான் இன்றைய பேச்சு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை பார்க்க ஒரு சாதாரணத் தராசு இருந்தால் நல்லது. கொழுப்புப் பார்ப்பதற்கென்று கூடுதல் பணம் கொடுத்து இந்தத் தராசை வாங்க வேண்டியதில்லை. அது போடும் கணக்கு பிழைபடுகிறது என்பது பாதிக் காரணம். மலையகத்து மக்களுக்கு எந்த இடத்துக் கொழுப்புத் தீங்கு செய்கிறதோ, அந்த இடத்தை இந்தத் தராசில் ஓடும் மின்சாரம் ஏறக்குறையத் தொடுவதே இல்லை என்பது மீதிப் பாதி. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

வாங்கலாம் என்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. எடையையும் உயரத்தையும் மட்டும் பார்த்துத் தெற்காசிய உடம்பைப் புரிந்துகொள்ள முடியாது என்கிறார்கள் அவர்கள். 2004 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டன் பேராசிரியர் ஜோன் யட்கினும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் உடற்திணிவுச் சுட்டி இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் டெக்ஸா என்ற ஊடுகதிர்க் கருவியில் அளந்தபோது யட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். ஒரே சுட்டிக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இது பிறப்பிலேயே தொடங்குகிறது என்பதையும் யாஜ்னிக்கின் குழு காட்டியது. புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. குறைந்துபோன அந்த எடையில் பெரும்பங்கு தசையும் உள்ளுறுப்புகளும்தான். கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க மெலிந்த குழந்தை, உள்ளே கொழுப்பைக் காத்து வைத்திருக்கிற குழந்தை.

தோட்டப்புறத்துக்கு இது அந்நியச் செய்தி அல்ல. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டில், இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் மட்டும் எடுத்தால் 32 பேர். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் இங்கேதான் அதிகம். அப்படிப் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று எல்லோரும் மலையில் கொழுந்தெடுக்கவில்லை. கடைகளில் நிற்கிறார்கள், ஆடைத் தொழிற்சாலையில் உட்கார்ந்து தைக்கிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறார்கள், அலுவலகத்தில் கணினி முன் இருக்கிறார்கள். கோதுமை மா ரொட்டியும் சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணியும் மாறவில்லை. மேட்டில் ஏறி இறங்கும் உழைப்புத்தான் போய்விட்டது. 2005–2006இல் நாடு தழுவி நடந்த நீரிழிவு ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்ட பத்துப் பேரில் ஒருவருக்கு அந்த நோய் இருப்பதாகக் கண்டது. ஆகவே எடைக்கு அப்பால் பார்க்க வேண்டும் என்கிற கோரிக்கை நியாயமானது. அதை இந்தத் தராசு நிறைவேற்றுகிறதா என்றால், இல்லை என்பதே என் பதில்.

காரணம் அதன் வேலைமுறையில் இருக்கிறது. 1990களின் முதற்பாதியில் ஜப்பானின் தனிதா நிறுவனம் இந்த வகைத் தராசைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று விற்கும் மலிவான தராசுகளும் அதே வழியில் வந்தவைதான். அவை கொழுப்பை நேராக அளப்பதில்லை. அளப்பது இரண்டே இரண்டு: உங்கள் எடை, உங்கள் கால்களின் மின்தடை. வெறுங்காலோடு உலோகத் தகட்டில் நிற்கும்போது, உணர முடியாத அளவு மெல்லிய மின்சாரம் ஒரு பாதத்தில் ஏறி மறு பாதத்தில் இறங்குகிறது. தண்ணீரும் உப்பும் நிறைந்த தசையில் அது எளிதாக ஓடும். தண்ணீர் குறைந்த கொழுப்பில் தடைப்படும். அந்தத் தடையிலிருந்து உடம்பில் தண்ணீர் இவ்வளவு என்று ஒரு கணிப்பு. கொழுப்பில்லாத உடம்பில் 73 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து தசை, எலும்பு, உறுப்பு எல்லாம் சேர்ந்த எடைக்கு இன்னொரு கணிப்பு. அதை மொத்த எடையிலிருந்து கழித்தால் வரும் மீதிக்குக் கொழுப்பு என்று பெயர். நீங்கள் தட்டிக் கொடுத்த வயது, உயரம், ஆண் பெண் என்ற விவரங்களும் அந்தச் சூத்திரத்தில் கலக்கின்றன. சூத்திரம் என்ன, யாரை அளந்து அதைச் செய்தார்கள் என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. மழை நாளில் கொழுந்து நிறுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சாக்குக்கு இத்தனை கிலோ, தண்ணிக்கு இத்தனை கிலோ என்று கழிக்கிறார்கள். தராசு காட்டிய மொத்தம் உண்மை. கழித்த கிலோ ஓர் ஊகம். அந்த ஊகத்தால் யாருக்கு நட்டம் என்பது கொழுந்தெடுக்கிற பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுத் தராசின் கொழுப்புக் கணக்கும் தண்ணீரை ஊகித்துக் கழித்த கணக்குத்தான்.

ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண். அவர் உடம்பில் 18 கிலோ கொழுப்பு, அதாவது 30 சதவீதம். மீதி 42 கிலோவில் ஏறக்குறைய 30.7 கிலோ தண்ணீர். வெயிலில் கொழுந்தெடுத்து வியர்வையில் ஒரு கிலோ தண்ணீர் போய்விட்டது என்று வையுங்கள். மலையில் மலசலகூடம் இல்லாததால் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்த துயரம். மாலையில் தராசில் ஏறுகிறார், எடை 59. தண்ணீர் ஒரு கிலோ குறைந்ததால், கொழுப்பில்லாத உடம்பு 1.37 கிலோ குறைந்துவிட்டது என்று சூத்திரம் முடிவு செய்கிறது. கொழுப்பு 18.37 கிலோ, 31 சதவீதத்துக்கு மேல் என்று வருகிறது. ஒரு கிராம் கொழுப்பும் ஏறவில்லை. இப்போது இதையே திருப்புங்கள். அதே பெண் காலையில் ஒரு லீட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே ஏறுகிறார். தண்ணீர் இன்னும் வயிற்றில் இருக்கிறது. கால்களில் ஓடும் மின்சாரத்துக்கு அது தெரியாது. எடை மட்டும் 61. கூடிய கிலோவைத் தராசு கொழுப்பில் சேர்க்கிறது: 61இல் 19, மறுபடியும் 31 சதவீதம். தண்ணீர் போனாலும் கொழுப்புக் கூடுகிறது, தண்ணீர் வந்தாலும் கொழுப்புக் கூடுகிறது. எளிமைப்படுத்திய கணக்குத்தான் இது. ஒவ்வொரு நிறுவனத்தின் சூத்திரமும் கொஞ்சம் வேறுபடும். ஆனால் பிழை பிறக்கும் இடம் இதுவே.

இந்த ஊருக்கென்றே இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவில். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிகிறது. தோல் குளிர்ந்தால் மின்தடை ஏறும் என்பது ஆய்வுக்கூடங்களில் காட்டப்பட்ட உண்மை. தடை ஏறினால் தராசின் மொழியில் கொழுப்பு ஏறியதாகப் பொருள். சீமெந்துத் தரையில் விறைத்த காலோடு இங்கே ஒருவர் பார்க்கும் எண்ணும், அதே ஆள் கொழும்பு வெக்கையில் பார்க்கும் எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப இடமில்லை. அடுத்தது பாதம். செருப்பில்லாமலும் கிழிந்த சப்பாத்தோடும் ஆண்டுக்கணக்காக மலையேறிய பாதத்தில் தோல் தடித்து, வெடித்து, காய்ந்து கிடக்கும். அந்தத் தோலைத் தாண்டித்தான் மின்சாரம் உள்ளே போக வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல தராசுகளில் "விளையாட்டு வீரர்" என்றொரு தெரிவு இருக்கிறது. அதை அழுத்தினால் அதே உடம்புக்குக் கொழுப்பு பல சதவீதம் குறைந்து காட்டும். முதுகில் கொழுந்தோடு நாள் முழுதும் மேடேறும் பெண் விளையாட்டு வீரரா, இல்லையா? கேள்விக்குத் தராசிடம் பதில் இல்லை. அவரைப் போன்றவர்களை மனதில் வைத்து அந்தச் சூத்திரம் எழுதப்படவில்லை என்பதுதான் உண்மை நிலை.

ஆய்வு என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு, 2021இல் வெளிவந்த பாரிஸ் ஆய்வு ஒன்று போதும். சந்தையில் விற்கும் மூன்று "ஸ்மார்ட்" தராசுகளை மருத்துவமனை நோயாளர்களிடம் டெக்ஸாவோடு ஒப்பிட்டார்கள். எடையில் மூன்றும் நன்றாகவே இருந்தன. இடைநிலைப் பிழை 300 கிராமுக்கு மேல் போகவில்லை. கொழுப்பிலோ ஒன்று 2 கிலோவுக்கு மேல், மற்றொன்று 4 கிலோவுக்கு மேல் குறைத்துக் காட்டின. மூன்றாவது அந்த இரண்டுக்கும் இடையில் நின்றது. எடையைப் பொறுத்தவரை நம்பலாம், உடம்பின் சேர்மானத்தைப் பொறுத்தவரை நம்ப முடியாது என்பதே அதன் சாரம். நாம் கூடுதல் பணம் கொடுப்பது அந்த இரண்டாவது பகுதிக்காக என்பதை மறந்துவிடக்கூடாது.

"எண் பிழையாகவே இருக்கட்டும், ஒரே தராசில், ஒரே நேரத்தில் தினமும் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்றாவது தெரியுமே" என்பது நல்ல மறுப்பு. விற்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பிழை எப்போதும் ஒரே அளவாக இருந்தால் இந்த வாதம் நிற்கும். ஆனால் பிழை நாளுக்கு நாள் மாறுகிறது. வாரத்துக்கு அரைக் கிலோ கொழுப்பைக் குறைப்பது நல்ல முன்னேற்றம். அதே 60 கிலோ பெண்ணுக்கு அது 30 சதவீதத்தை 29.4 ஆக்கும். ஒரு நாளின் வியர்வை, ஒரு போத்தல் தண்ணீர், மாதவிடாய் நாட்களில் உடம்பில் தங்கும் நீர், முதல்நாள் இரவு சாப்பிட்ட உப்புக் கருவாடு ஆகிய ஒவ்வொன்றும் அதைவிடப் பெரிய ஆட்டத்தைக் காட்டக்கூடியவை. ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டு நடந்தவர், தராசில் கொழுப்புக் கூடியிருப்பதைக் கண்டு மனம் உடைவார்; ஒன்றும் செய்யாதவர் குறைந்திருப்பதைக் கண்டு நிம்மதி அடைவார். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தால் போக்குத் தெரியும்தான். ஆனால் மூன்று மாதத்தில் சாதாரணத் தராசும் இடுப்புப் பட்டியும் அதே செய்தியைச் சொல்லிவிட்டிருக்கும்.

இனி நான் பெரிதென்று சொன்ன இரண்டாவது காரணம். தோலுக்குக் கீழே, தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் சேரும் கொழுப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் சேரும் கொழுப்பே இன்சுலினின் வேலையைக் கெடுத்து, நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழி திறக்கிறது. நம் மக்களுக்குச் சேரும் இடமும் அதுவே. பாதத்திலிருந்து பாதத்துக்கு ஓடும் மின்சாரம் கால்களைத்தான் சுற்றி வருகிறது. இடுப்புக்கு மேலே அதற்கு அநேகமாக வேலை இல்லை. கைப்பிடியும் சேர்ந்த விலைகூடிய தராசுகள் கொஞ்சம் மேல். ஆனால் அங்கும் ஒரு தடங்கல் இருக்கிறது. உடல் எடையில் ஏறக்குறையப் பாதி நடுவுடம்பு. அது அகன்று குட்டையாக இருப்பதால், கையிலிருந்து கால்வரை அளக்கும் மின்தடையில் அதன் பங்கு பத்தில் ஒன்றளவே. அப்படியானால் திரையில் வரும் "உள்ளுறுப்புக் கொழுப்பு மட்டம் 9" எங்கிருந்து வந்தது? கால்களின் தடையையும் வயது, உயரம், எடையையும் வைத்துச் சூத்திரம் ஊகித்தது. இதனால் வரும் ஆபத்து நம்மவர்களுக்கே கூடுதல். மேடேறிப் பழகிய கால்களில் நல்ல தசை இருக்கும். அதே ஆளுக்கு வயிறு முன்தள்ளியிருக்கும். தராசு கால்களைப் பார்த்துவிட்டு உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லும். சிறுநீரகமோ இதயமோ பலவீனமாகிக் காலில் நீர் கோத்தவருக்கு நிலைமை இன்னும் மோசம். நீர் நிறைந்த கால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தசை கூடியிருக்கிறது, கொழுப்புக் குறைந்திருக்கிறது என்று நோயையே நற்செய்தியாகக் காட்டிவிடும். யாஜ்னிக் தன் உடம்பில் கண்ட கொழுப்பை டெக்ஸா கண்டது. கால் தகட்டுத் தராசு கண்டிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மறுபுறத்தில் இன்னொரு தீங்கு. ஒரே லயத்தில், சில வேளை ஒரே உடம்பில், குறைந்த உணவும் கூடிய வயிறும் சேர்ந்திருப்பது நம் பகுதியின் நிலை. குருதிச்சோகையுள்ள, சோறு கறி போதாமல் உழைக்கிற ஒரு பெண்ணிடம் உனக்குக் கொழுப்பு 33 சதவீதம் என்று தராசு சொன்னால் அவர் என்ன செய்வார்? சாப்பாட்டைக் குறைப்பார். முதலில் குறைவது முட்டை, கருவாடு, பருப்பு, கீரைதான். ரொட்டியும் சீனியும் மலிவாகக் கிடைப்பதால் நிற்கும். தசை இன்னும் கரையும், வயிறு அப்படியே இருக்கும். வயதுக்கு வந்த பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இந்தக் கவலை இரட்டிப்பாகிறது. வளரும் வயதில் தினமும் கொழுப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கத்தை எந்தப் பெற்றோரும் பரிசாகக் கொடுக்க வேண்டாம்.

அப்படியென்றால் வயிற்றை எதனால் அளப்பது? தையற்காரரின் அளவு நாடாவால். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் வயிற்றின் மேல், சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது அளக்க வேண்டும், வயிற்றை உள்ளிழுக்கக்கூடாது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தெற்காசியர்களுக்கு வைத்த எல்லை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதைவிட நமக்குப் பொருத்தமானது இன்னொரு அளவு என்பது என் கருத்து: சுற்றளவு உயரத்தின் பாதியைத் தாண்டக்கூடாது. இங்கிலாந்தின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2022இல் இதை மக்களுக்கே நேரடியாகப் பரிந்துரைத்தது. ஏன் பொருத்தம் என்றால், சிறுவயதில் வளர்ச்சி குன்றியதால் நம்மில் பலர் உயரம் குறைந்தவர்கள். 148 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு தாய்க்குப் பாதி 74தான். 80 என்ற பொது எல்லையை நம்பி அவர் இருந்தால், எச்சரிக்கை 6 சென்ரிமீற்றர் தாமதமாக வரும். 160 உயரமுள்ள ஆணுக்குப் பாதி 80. பொது எல்லையோ 90. நாடாவும் இல்லாவிட்டால் ஒரு நூல் போதும். உச்சந்தலையிலிருந்து பாதம்வரை நூலை வெட்டி, இரண்டாக மடித்து, வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் தொடாவிட்டால் வைத்தியரைப் பார்க்க வேண்டிய நேரம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்த அளவு பொருந்தாது.

நாடாவும் பிழைபடாதா என்று கேட்கலாம். பிழைபடும், ஒரு விரல் ஏறி இறங்கி அளந்தால் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மாறும். ஆனால் அந்தப் பிழையை நம் கண்ணால் பார்க்கலாம், மறுபடி அளந்து திருத்தலாம். அதோடு, அது அளப்பது தீங்கு இருக்கும் அதே இடத்தை. இலக்கம் திரையில் ஒளிர்ந்தால்தான் உற்சாகம் வருகிறது என்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மனநிலையை நான் மதிக்கிறேன். அவர்களுக்கும் சாதாரண இலத்திரனியல் எடைத் தராசு அதே உற்சாகத்தைத் தரும், உண்மையான எண்ணோடு.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1,350 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது. ஒரு கொழுப்புத் தராசு சில நாள் பேரை, அதாவது கூலியை, அப்படியே விழுங்கிவிடும். அதே பணத்தில் பருப்பும் முட்டையும் பல நாள் வீட்டுக்கு வரும். நீரிழிவு இருக்கிறதா என்பதைக் குருதிப் பரிசோதனை சொல்லும், குருதி அழுத்தத்தைக் கையில் கட்டும் பட்டி சொல்லும். இரண்டையும் கால் தகடு சொல்லாது. அரசாங்க வைத்தியசாலைகளோடு சேர்ந்து 2011 முதல் நடந்துவரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் எடை, உயரம், அழுத்தம், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, பஸ் பிடித்து அங்கே போவது எளிதல்ல என்பது உண்மை. அதனால்தான் தோட்டத்து இளைஞர் மன்றங்களிடமும் கோயில் கமிட்டிகளிடமும் நான் கேட்பது இது: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி, சம்பளம் போடுகிற நாளை ஒட்டியோ ஞாயிற்றுக்கிழமையோ அந்தப் பரிசோதனையைத் தோட்டத்துக்கு வரவழையுங்கள். வீடு வீடாக ஒரு தராசு வாங்கும் பணத்தில் சிறு பங்கு போதும்; பிள்ளை மடுவத்தில் ஒரு நல்ல எடைத் தராசும், சுவரில் உயர அளவும், இரண்டு நாடாவும் வைத்துவிடலாம்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அதை எறிய வேண்டாம். காலையில் மலசலகூடம் போய் வந்தபின், சாப்பிடுமுன், வாரத்துக்கு ஒருமுறை ஏறி நின்று எடையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்; மற்ற எண்களைப் பார்க்க வேண்டாம். இதய நோயுள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது பெரும்பாலும் நீர். கிளினிக் நாள்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இந்த ஒரு பயனுக்காகவே வீட்டில் எடைத் தராசு இருக்கலாம். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மின்சாரம் ஓட்டும் இந்த வகைத் தராசில் ஏறவே கூடாது. தராசோடு வரும் கையேட்டிலேயே அந்த எச்சரிக்கை இருக்கும். கர்ப்பிணித் தாய்மாருக்கு அது காட்டும் கொழுப்பு எண்ணுக்குப் பொருளே இல்லை. குடும்பநல உத்தியோகத்தர் கிளினிக்கில் நிறுத்து அட்டையில் எழுதும் எடையையே அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.